வாளையாருக்கு அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் வீடு: வேலை போகும்போது வரவேண்டிய பணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டிமடை, க.க.சாவடி, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை என்று தமிழ்நாடு-கேரள எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் தினமும் ஷிஃப்டுக்கு வந்து போகிறவர்கள் பாலக்காடு மாவட்டத்தின் கஞ்சிக்கோடு ஆலைகளில் நிறைய இருக்கிறார்கள். ஆர்டர் குறைந்தாலோ ஆலை கைமாறினாலோ முதலில் வெளியே அனுப்பப்படுகிறவர்களில் இவர்களும் உண்டு. அப்போது அவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். மூணாறு, பீர்மேடு எஸ்டேட்காரர்களும் ஆந்திர எல்லையில் தடா, ஸ்ரீசிட்டி பக்கம் வேலை பார்ப்பவர்களும் கேட்டவையும் இதில் உண்டு. சட்டம் தருகிற பணத்தை ஒரே ஒரு கையெழுத்தில் பலர் இழக்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தப் பக்கம்.

"கணக்கு முடிச்சுத் தர்றோம்னு ஹெச்.ஆர்.ல சொல்றாங்க. அதுல என்னென்ன வரோணுங்க?"

கவரில் மொத்தமாக ஒரு தொகையைப் போட்டு "இதுதான் செட்டில்மெண்ட்" என்பார்கள். அதை அப்படியே வாங்கிவிடாதீர்கள். எது எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள்.

வேலை பார்த்த கடைசி நாள் வரைக்கும் உள்ள சம்பளமும், எடுக்காமல் சேர்ந்த விடுப்புக்கான பணமும் எல்லோருக்கும் உண்டு. முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்காமல் அனுப்பினால் நோட்டீஸ் காலச் சம்பளம் உண்டு. கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால் அதற்கு இழப்பீடு. ஐந்து ஆண்டு முடித்தவர்களுக்குக் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. எஸ்டேட்டில் "சர்வீஸ் காசு" என்று சொல்வது இதைத்தான். போனஸ் பாக்கி இருந்தால் அதுவும் சேரும்.

பி.எஃப். இந்தக் கணக்கில் வராது. அது ஏற்கெனவே உங்கள் பெயரில் சேர்ந்திருக்கும் உங்கள் பணம். "பி.எஃப். வருதுல்ல, அப்புறம் என்ன இழப்பீடு?" என்று யாராவது சொன்னால் அது தவறு. ஒன்று கிடைப்பதால் மற்றது இல்லாமல் போகாது. கிராஜுவிட்டிக்கும் ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கும் அப்படித்தான். இரண்டும் தனித்தனி உரிமை, இரண்டையும் வாங்கலாம்.

"ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா சீக்கிரம் பணம் தர்றோம்னு சொல்றாங்க. எழுதலாங்களா?"

நீங்களாகப் போக விரும்பவில்லை என்றால் எழுதாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலை மட்டும் முழுதாகப் படியுங்கள்.

வேலையை விட்டது யார் என்பதை வைத்துத்தான் சட்டம் பணத்தைத் தீர்மானிக்கிறது. "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று உங்கள் கையெழுத்தில் ஒரு தாள் இருந்தால், ஆட்குறைப்பு நடக்கவே இல்லை என்று கம்பெனி வாதிடும். பிறகு இழப்பீடும் கிடையாது, நோட்டீஸ் காலச் சம்பளமும் கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் ரூ.18,200 வாங்குபவர், 11 ஆண்டு 8 மாதம் வேலை செய்திருக்கிறார் என்று வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் அது 12 ஆண்டாகக் கணக்காகும்.

கிராஜுவிட்டிக்கு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். 18,200-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு ரூ.700. 15 நாளுக்கு 10,500. 12 ஆண்டுக்கு ரூ.1,26,000.

ஆட்குறைப்பு இழப்பீடு ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். மாதச் சம்பளக்காரர்களுக்கு இது பொதுவாக மாதத்தில் பாதி, ஆக ரூ.9,100. 12 ஆண்டுக்கு ரூ.1,09,200. ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கவில்லை என்றால் அதற்கு இன்னொரு ரூ.18,200.

எல்லாம் சேர்த்து ரூ.2,53,400. ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்கோ கிராஜுவிட்டி ரூ.1,26,000 மட்டும். ஒரு கையெழுத்தில் போனது ரூ.1,27,400. ஒரு பிள்ளையின் பாலிடெக்னிக் படிப்புச் செலவு அது.

"ஏற்கெனவே எழுதிக் கொடுத்துட்டேன். இனி ஒண்ணும் பண்ண முடியாதா?"

முடியும், ஆனால் நாளைக் கடத்தக் கூடாது. ராஜினாமா நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன்பாக அதைத் திரும்பப் பெறலாம் என்பது பொதுவான நிலை. அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, "என்னைக் கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினார்கள், என் விருப்பத்தால் அல்ல, அதைத் திரும்பப் பெறுகிறேன்" என்று மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். யார், எந்த அறையில், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரே நாளில் பலரிடம் ஒரே வாசகத்தில் எழுதி வாங்கியிருந்தால் அதுவே வலுவான ஆதாரம். எல்லோரும் சேர்ந்தே புகார் கொடுங்கள்.

"எல்லாப் பணத்தையும் பெற்றுக்கொண்டேன்னு ஒரு ரசீதுல கையெழுத்துக் கேக்கறாங்க. போடலீன்னா செக் தரமாட்டாங்களாம்."

வீட்டு வாடகை, கடன் தவணை என்று இருக்கும்போது செக்கை வேண்டாமென்று சொல்வது எளிதல்ல என்று எங்களுக்குத் தெரியும். வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே இதை எழுதுங்கள்: "கணக்கில் குறை இருப்பதாகக் கருதுகிறேன். ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன். மீதிக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை." தேதி போடுங்கள். தாளை ஃபோனில் படம் எடுங்கள். எழுதவிடவில்லை என்றால் வெளியே வந்தவுடன் அதே வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

கிராஜுவிட்டியில் மட்டும் ஒரு கூடுதல் பாதுகாப்பு உண்டு. சட்டம் தருவதைவிடக் குறைவாக வாங்கிக்கொள்ள நீங்களே ஒப்புக்கொண்டு எழுதியிருந்தாலும், அந்த ஒப்பந்தம் சட்டத்தை மீற முடியாது.

"புதுச் சட்டம் வந்திருச்சுன்னு சொல்றாங்களே, பழையது போச்சா?"

21 நவம்பர் 2025 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டன. கேரள அரசு இவற்றை வெளிப்படையாக எதிர்த்தது. அந்தத் தேதிக்கு முன்பே வேலை போனவர்களுடைய வழக்குகள் பழைய சட்டத்தின்படிதான் பார்க்கப்படும்.

ஆண்டுக்கு 15 நாள் என்ற அடிப்படை கிராஜுவிட்டியிலும் ஆட்குறைப்பு இழப்பீட்டிலும் மாறவில்லை. மாறியவற்றில் உங்களைத் தொடுபவை சில.

குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் கம்பெனியே நேரடியாக எடுத்தவர்களுக்கு, ஓர் ஆண்டு வேலை பார்த்திருந்தாலே அந்தக் காலத்துக்கான கிராஜுவிட்டி உண்டு. ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. இது நல்ல மாற்றம்.

அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக்கி மீதியை அலவன்ஸ் அலவன்ஸாகப் பிரிக்கிற பழக்கத்துக்கும் ஒரு கட்டு வந்திருக்கிறது. விலக்கப்படும் அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளமாகவே கணக்காகும். மொத்தம் ரூ.24,000 வாங்கி, அடிப்படை ரூ.8,000 என்று மட்டும் காட்டியிருந்தால், கணக்கு ரூ.12,000-இல் போட வேண்டும்.

வேலையிலிருந்து நீக்கினாலும், நீங்களே விலகினாலும், ஆலை மூடினாலும் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். ஆட்குறைப்புக்கு உள்ளானவரின் வங்கிக் கணக்கில், கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகையை மறுதிறன் நிதியிலிருந்து (ரீ-ஸ்கில்லிங் ஃபண்ட்) 45 நாட்களுக்குள் போட வேண்டும் என்றும் அந்த நான்கில் ஒன்றான தொழில் உறவுகள் தொகுப்பு சொல்கிறது. இது இழப்பீட்டுக்கு மேல் வருகிற தனித் தொகை. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பெயர் சொல்லிக் கேளுங்கள்.

தொழிலாளிக்குப் பாதகமான மாற்றமும் இருக்கிறது. முன்பு 100 பேர் வேலை பார்க்கிற ஆலையே ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும். இப்போது அது 300 பேராக உயர்ந்துவிட்டது. கஞ்சிக்கோட்டு நடுத்தர ஆலைகளில் பலவற்றுக்கு இனி அந்தத் தடை இல்லை. ஒரு மாத நோட்டீஸும் இழப்பீடும் கொடுத்தால் போதும். எனவே அந்த இரண்டையும் சரியாக வாங்குவது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

"ஆட்குறைப்பு இழப்பீடு யாருக்குக் கிடைக்காது?"

தானாக விலகியவர், ஓய்வு வயதில் ஓய்வுபெற்றவர், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறியவர் ஆகியோருக்குக் கிடைக்காது. தொடர்ச்சியாக ஓர் ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஓர் ஆண்டாகும்.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் ரூ.18,000-க்கு மேல் வாங்குகிற மேற்பார்வையாளர்களும் "தொழிலாளி" என்ற வரையறைக்கு வெளியே. ஆனால் பதவிப் பெயரைப் பார்த்து மனம் தளர வேண்டாம். "அசிஸ்டெண்ட் மேனேஜர்" என்று அடையாள அட்டை கொடுத்துவிட்டு நாள் முழுக்க மெஷினிலோ கம்ப்யூட்டரிலோ உட்கார வைக்கிறார்கள். நீங்கள் உண்மையில் செய்தது என்ன வேலை என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கும். தொழில்நுட்ப வேலை செய்பவருக்குச் சம்பள உச்சவரம்பு எதுவும் இல்லை. வரையறைக்குள் வராதவர்கள் தங்கள் நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம், விலகல் தொகை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவர்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு.

"நாலு வருஷம் ஒன்பது மாசம் ஆச்சு. கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷம் ஆகலீங்கறாங்க."

ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடித்திருந்தால் அது முழு ஆண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடமானால் 190 நாள் போதும். ஐந்து ஆண்டு நெருங்கும்போதே சிலரை வெளியே அனுப்புவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். மரணமோ உடல் ஊனமோ நேர்ந்தால் ஐந்து ஆண்டு நிபந்தனையே இல்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமெல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

"வீடு கோயமுத்தூர் ஜில்லா, வேலை பாலக்காடு ஜில்லா. எங்க போய்ப் புகார் கொடுக்கறது?"

எல்லைக்காரர்கள் அதிகமாக அலைவது இதற்குத்தான். கோவையில் உள்ள தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய், அங்கே "இது கேரளா" என்று சொல்லித் திருப்பி அனுப்ப, இரண்டு மூன்று மாதம் வீணாகும்.

பொதுவாக நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்களோ அந்த இடத்து அலுவலகம்தான். ஆதார் அட்டையில் எந்த முகவரி என்பது பொருட்டல்ல. கஞ்சிக்கோட்டில் வேலை என்றால் பாலக்காடு மாவட்டத் தொழிலாளர் அலுவலகம். மூணாறு, பீர்மேடு என்றால் இடுக்கி மாவட்டம். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஸ்ரீசிட்டிக்குப் போய் வருபவர்களுக்கு ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டம்.

கிராஜுவிட்டிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கம்பெனிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளை இருந்தால், அது மத்திய அரசின் தொழிலாளர் அதிகாரியிடம் போகும். தலைமையகம் கோவையில், ஆலை கஞ்சிக்கோட்டில் என்று இருக்கிற நிறுவனங்கள் இங்கே அதிகம். ஆகவே மனு கொடுக்கும் முன் கம்பெனிக்கு வேறு மாநிலத்தில் கிளை உண்டா என்று விசாரித்து வையுங்கள். கேரளத்தில் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் கொச்சியில் இருக்கிறது. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு ஓர் அலுவலகம், கிராஜுவிட்டிக்கு இன்னோர் அலுவலகம் என்று ஆனால் குழம்ப வேண்டாம். இரண்டு மனுவாகவே போடுங்கள்.

"மலையாளம் பேசுவேன், எழுதத் தெரியாது. மனு தமிழ்ல கொடுக்கலாங்களா?"

கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினருக்கு இந்த உரிமையைத் தருகிறது. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் தர வேண்டும். சட்டம் இப்படி இருந்தாலும் வேலை சீக்கிரம் நடக்க வேண்டும் என்றால் தமிழ் மனுவோடு ஒரு மலையாள நகலையும் இணைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. ஆனால் மலையாளத்தில் எழுதித் தந்த தாளில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமாக் கடிதங்கள் அப்படியும் எழுதி வாங்கப்படுகின்றன.

"எஸ்டேட்ல ரிட்டயர் ஆயிட்டேன். லயத்தைக் காலி பண்ணினாத்தான் சர்வீஸ் காசுங்கறாங்க. காசு வந்தாத்தானே வீடு பார்க்க முடியும்?"

நியாயமான கேள்வி. லயம் என்பது எஸ்டேட் தருகிற வரிசைக் குடியிருப்பு. தலைமுறை தலைமுறையாக மலையிலேயே வாழ்ந்து, கீழே தேனியிலோ தென்காசியிலோ சொந்தமாக ஒரு கூரைகூட இல்லாதவர்கள் எத்தனையோ பேர்.

கிராஜுவிட்டியை 30 நாட்களுக்குள் தர வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 10 சதவீதம் வட்டி சேரும். நீதிமன்ற ஜப்திகூட அதைத் தொட முடியாது. ஆனால் குடியிருப்பைக் காலி செய்யாமல் இருந்த காலத்துக்கு வாடகையைக் கழித்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் 2020-இல் அனுமதித்திருக்கிறது. ஆகவே "காசு வரட்டும்" என்று ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுவது ஆபத்து. "இத்தனாம் தேதி காலி செய்கிறேன், அன்றே பணிக்கொடையைத் தாருங்கள்" என்று எழுத்தில் கொடுத்து, மறுத்தால் உடனே அதிகாரியிடம் மனு போடுங்கள். நேரம் கடந்துவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் கிராஜுவிட்டி விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது.

"முதலாளியே விட்டுட்டுப் போயிட்டார். யார்கிட்ட கேக்கறது?"

2000-ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேடு பக்கம் பல எஸ்டேட்டுகளில் இதுதான் நடந்தது. கிராஜுவிட்டிக்காகக் காத்திருந்தே பலருக்கு ஆயுள் முடிந்தது.

கிராஜுவிட்டி அதிகாரி உத்தரவிட்டும் முதலாளி கட்டவில்லை என்றால், அந்த அதிகாரி மாவட்ட ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்பி, நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கச் சொல்ல முடியும். அதற்கு முதல் படி உங்கள் மனு. உத்தரவு இல்லாமல் வசூல் இல்லை. கம்பெனி திவால் நடவடிக்கையில் இருந்தால், தீர்ப்பாயம் நியமித்த அதிகாரியிடம் குறித்த காலத்துக்குள் உங்கள் பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும். கிராஜுவிட்டி நிதியிலும் பி.எஃப்.பிலும் உள்ள பணத்தை மற்றக் கடன்காரர்களுக்குப் பங்கிட முடியாது.

"காண்ட்ராக்டர் மூலமா போறேன். மூணு காண்ட்ராக்டர் மாறியாச்சு, மெஷின் அதேதான்."

உங்கள் விஷயத்தில் ஆதாரம்தான் எல்லாம். ஒவ்வொரு காண்ட்ராக்டர் காலத்து பி.எஃப். பதிவு, ஈ.எஸ்.ஐ. எண், கேட் பாஸ், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். ஒரே இடத்தில் இடைவெளியின்றி வேலை பார்த்தீர்கள் என்பதை இவை காட்டும். மனுவில் காண்ட்ராக்டரையும் ஆலையையும் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள்.

"வரி பிடிப்பாங்களா?"

தனியார் ஊழியருக்குக் கிராஜுவிட்டியில் ரூ.20 லட்சம் வரைக்கும், ஆட்குறைப்பு இழப்பீட்டில் ரூ.5 லட்சம் வரைக்கும், ஓய்வின்போதோ விலகலின்போதோ பெறும் விடுப்புப் பணத்தில் ரூ.25 லட்சம் வரைக்கும், அவற்றுக்குரிய கணக்கீட்டு வரம்புக்கு உட்பட்டு வரிவிலக்கு உண்டு. நோட்டீஸ் காலச் சம்பளத்துக்கு வரி உண்டு.

"பி.எஃப். பணத்தை உடனே எடுத்துடலாமா?"

அடுத்த வேலை கிடைக்கும் என்றால் எடுக்காதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும். எட்டாம் ஆண்டில் எடுத்துவிட்டால் அந்த எட்டும் போச்சு. வேலை போனவுடன் 75 சதவீதம் வரை எடுக்கலாம், முழுவதையும் எடுக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று வைப்பு நிதி வாரியம் அக்டோபர் 2025-இல் முடிவு செய்தது. ஈ.எஸ்.ஐ.யில் இருந்தவர்கள் வேலையின்மை உதவித்தொகை பற்றித் தங்கள் கிளை அலுவலகத்தில் கேளுங்கள்.

"வக்கீல் வெக்கக் காசில்லீங்க."

தேவையில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில், தொழிற்சாலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் உண்டு. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் மாவட்ட நீதிமன்றத்தை ஒட்டி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். போகும்போது நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், கம்பெனி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளின் படங்கள் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கம்பெனி மின்னஞ்சல் கணக்கை முடக்குவதற்கு முன்பே உங்கள் சம்பளச் சீட்டுகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பணிநீக்கம் பற்றிய தகராறை இரண்டு ஆண்டுக்குள் எழுப்ப வேண்டும்.

"எங்களை அனுப்பிட்டு ஆறே மாசத்துல புது ஆளுங்களை எடுக்கறாங்க. இது சரிங்களா?"

சரியல்ல. ஆட்குறைப்பு செய்த ஓர் ஆண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால், வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு வாய்ப்புத் தெரிவித்து, வர விரும்புகிறவர்களுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும். அனுப்பும்போதும் ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். மாற்றினால் அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். வெளியேறும் நாளில் உங்கள் இப்போதைய முகவரியையும் ஃபோன் எண்ணையும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்கி வையுங்கள். "தேடினோம், ஆள் கிடைக்கவில்லை" என்று பிறகு சொல்ல முடியாது. புதிய ஆட்கள் உள்ளே போவது தெரிந்தால், காண்ட்ராக்டர் மூலமாக எடுத்திருந்தாலும், தேதியைக் குறித்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.